பூட்டனுக்கு அப்பாவின் நோட்டில் "சுக்கு ரூ 3": அந்தக் காலத்து வைத்தியம் பற்றி ஒரு சந்தேகம்

குமரிக்கடல்:

வணக்கம். போன மாதம் எங்க பழைய வீட்டு ஓடு மாத்தும்போது மச்சில் ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு நீள நோட்டு. பாதியைக் கரையான் தின்னுட்டு. எங்க பூட்டனுக்கு அப்பா 1870கள், 80களில் தெற்குத் திருவிதாங்கூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டிரசராக (புண்ணுக்குக் கட்டுப் போடும் உதவியாளராக) இருந்தவர், அப்புறம் ஊரிலேயே வைத்தியம் பார்த்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். கையெழுத்து அவருடையதுதான் போல.

வாசிக்க முடிந்ததில் நாலு இடம் கீழே. எழுத்துப்பிழை அவருடையது, நான் திருத்தவில்லை.

அ) "வயத்துப் பொருமலுக்கு: சுக்கு ரூ 3, திப்பிலி ரூ 2, ஓமம் ரூ 3, இந்துப்பு ரூ 1. இடிச்சி வஸ்திரகாயம்."

ஆ) "வாந்திபேதிக்கு: அபின், பெருங்காயம், மிளகு, உருட்டி மாத்திரை."

இ) "குளிர்காச்சல் விட்டபின் கொயினா."

ஈ) "8 நாள் பால் எடுத்தது. கண்ணாடி 2."

என் கேள்விகள்: அந்தக் காலத்தில் சுக்கு மூன்று ரூபாயா? மனுஷன் இப்படி வாங்கினாரா, இல்லை ஏழைகளை மொட்டையடித்தாரா? அப்புறம் இவர் பார்த்தது இங்கிலீஷ் வைத்தியமா, நாட்டு வைத்தியமா? மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தவர் ஓமமும் இந்துப்பும் இடிப்பாரா? நாலாவதில் வருவது எந்தப் பால்?

பழையபேப்பர்:

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிடறேன், உங்க பூட்டனுக்கு அப்பா பாவம். அந்த "ரூ" விலை இல்லை, எடை. ஒரு வெள்ளி ரூபாய் 180 கிரெயின், இப்போதைய கணக்கில் 11.66 கிராம். ஒரு தோலாவும் அதுதான். எடைக்கல் இல்லாத வீட்டில்கூட ரூபாய்க் காசு இருக்கும் என்பதால் அதைத் தராசில் போட்டே நிறுப்பார்கள். சென்னை மாகாண அளவில் மூன்று ரூபாய் எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. ஆக "சுக்கு ரூ 3" என்றால் ஒரு பலம் சுக்கு, சுமார் 35 கிராம்.

இன்னொரு சான்று உங்க ஊரிலேயே இருக்கு. திருவிதாங்கூரில் அன்றாடப் புழக்கம் காசு, சக்கரம், பணத்தில். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். சுக்கு வாங்கிய கணக்கை யாரும் ரூபாயில் எழுதியிருக்க மாட்டார்கள்.

குமரிக்கடல்:

அடப்பாவி மனுஷா, நான் ஒரு வாரமா வீட்டில் எல்லாரிடமும் "நம்ம ஆளு கொள்ளைக்காரன்" என்று சொல்லிக்கிட்டு இருந்தேன்.

ஆச்சியிடம் இப்பவே போன் போட்டுக் கேட்டேன். "ரூவா தூக்கம்லா அது" என்று ஒரே வார்த்தையில் முடிச்சிட்டா. (எங்க பக்கம் தூக்கம் என்றால் எடை.) முதலிலேயே அவளிடம் கேட்டிருக்கலாம்.

நைட்டூட்டி:

ஈ) பற்றி நான். அது பசும்பால் இல்லை, அம்மைப்பால். பெரியம்மைத் தடுப்புக்குக் குத்துவது.

அன்றைக்கு ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்தை உயிரோடு வைத்திருக்க ஒரே வழி மனுஷக் கைதான். ஒரு பிள்ளைக்குப் புஜத்தில் கீறி வைப்பார்கள். கொப்புளம் எழும்பி எட்டாம் நாள் தெளிந்த நீர் கோத்து நிற்கும். அதைக் கீறி, அடுத்த பிள்ளையின் கையில் வைப்பார்கள். அப்படியே கைக்குக் கை. அடுத்த பிள்ளை உடனே கிடைக்காவிட்டால் அந்த நீரை இரண்டு சின்னக் கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் உலரவைத்து எடுத்துப் போவார்கள். உங்க "கண்ணாடி 2" அதுதான். வெயிலில் அது சீக்கிரம் செத்துப்போகும், அதனால்தான் கைக்குக் கையே நம்பகம்.

இதில் வந்த சிக்கல் என்னவென்று நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யார் வீட்டுப் பிள்ளையின் கைநீர் யார் வீட்டுப் பிள்ளைக்கு? சாதி பார்த்துத் தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிரந்தி நோயும் (சிபிலிஸ்) சில சமயம் இப்படித் தொற்றியது என்பதும் உண்மை, ஐரோப்பாவிலேயே நடந்திருக்கு. ஆக, பயந்த தாய்மாரை எல்லாம் அறியாமை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்து எடுக்கும் முறை பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை ஓய்ந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டை அந்த வேலைக்காகத்தான் தொடங்கினார்கள்.

அகத்தியர்தாசன்:

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்த மாதிரி எழுதுகிறீர்களே. பசு அம்மை நீரை வைத்துப் பெரியம்மையைத் தடுத்த ஜென்னருக்கு ஆயிரம் வருஷம் முன்பே பசுவின் மடிக் கொப்புள நீரை எடுத்துப் புஜத்தில் கீறி வைக்கும் முறை தன்வந்திரி நூலில் இருக்கிறது. 1819-லேயே மெட்ராஸ் கூரியர் பத்திரிகையில் வந்தது. வாட்ஸப் கதை இல்லை, ஆதாரம் இருக்கு.

பழையபேப்பர்:

தாசன் சார், நீங்க சொல்ற பத்திரிகைக் கடிதம் உண்மைதான். 1819 ஜனவரி. எழுதியவர் பெயர் "கல்வி விரும்பன்". சாக்தேய கிரந்தம் என்று ஒரு நூலைச் சொல்லி, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கீறி வைக்கும்படி அதில் இருப்பதாக எழுதினார். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஐரோப்பிய மருத்துவ நூல்களே 150 வருஷம் ஏமாந்தன.

ஆனால் அந்த நூலின் சுவடியை இன்றுவரை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கல்வி விரும்பன் யார் தெரியுமா? பிரான்சிஸ் வைட் எல்லிஸ் துரையாக இருக்கவேண்டும் என்பதுதான் இதைத் துருவிய ஆய்வாளர்களின் முடிவு. ஆமாம், நம்ம எல்லீசன். திருக்குறளுக்கு உரை எழுதியவர், சென்னை கலெக்டர், தென்மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-லேயே சொன்னவர். சக்திக்கும் தன்வந்திரிக்கும் உரையாடலாக, கோவசூரியை (பசு அம்மையை) பசு தரும் வரமாகச் சொல்லும் தமிழ்ப் பிரதி ஒன்றை அவர் எழுதி வைத்தது லண்டன் நூலகத்தில் இருக்கு. "வெள்ளைக்காரன் மருந்து" என்றால் சனம் கை நீட்டாது, "தன்வந்திரி சொன்னது" என்றால் நீட்டும் என்ற கணக்கு.

வேடிக்கை என்னவென்றால், யசுர் வேதம் என்ற பெயரில் பாதிரிமார் வட்டாரத்தில் உலாவிய ஒரு போலி வேதத்தைப் போலி என்று நிரூபித்துக் கட்டுரை எழுதியவரும் இதே எல்லிஸ்தான். கள்ளச்சுவடியைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அதை உண்டாக்கவும் தெரிந்திருக்கு. கடிதம் வந்து இரண்டு மாசத்தில் ராமநாதபுரத்தில் தவறுதலாக விஷம் உள்ளே போய் இறந்துபோனார். மறுத்துச் சொல்லவும் ஆளில்லை, ஒத்துக்கொள்ளவும் ஆளில்லை.

அகத்தியர்தாசன்:

"ஆய்வாளர்கள்" என்றால் அதுவும் வெள்ளைக்காரர்தானே.

பழையபேப்பர்:

சுவடியை நீங்க காட்டுங்க, நான் இப்பவே கட்சி மாறிடறேன். பெரியம்மை நீரையே எடுத்து வைக்கும் பழைய முறை வங்காளத்தில் இருந்தது உண்மை, அதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அதை யாரும் மறுக்கவில்லை. பசு அம்மை என்பது வேறு சரக்கு.

வேர்க்கொம்பு:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். (என்ர பெயரைப் பாத்துச் சிரிக்காதேங்கோ, எங்கட ஊரில சுக்குக்கு வேர்க்கொம்பு எண்டுதான் சொல்லுறது.)

குமரிக்கடல், உங்கட ஆள் டிரசராப் படிச்சது தமிழிலயா இங்கிலீசிலயா எண்டு நோட்டில தெரியுதே? ஏன் கேக்கிறன் எண்டால், அந்தக் காலத்தில மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலயே படிப்பிச்ச ஒரு இடம் இருந்தது. மானிப்பாய்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் எண்ட அமெரிக்க டொக்டர். மாசச்சூசெற்ஸ் வூஸ்ரர் ஊர்க்காரர், 1822-இல பிறந்தவர், 1847-இல யாழ்ப்பாணம் வந்தவர். இருபத்தைஞ்சு வயசுப் பெடியன். அவர் வந்த அதே வருசம்தான் எடின்பரோவில சிம்சன் குளோரபோமை மயக்க மருந்தாப் பாவிக்கத் துவங்கினவர். முதல்ல மாணவருக்கு இங்கிலீசில படிப்பிச்சார். படிச்ச பெடியள் என்ன செய்தவை? அரசாங்க உத்தியோகம், தோட்டத்து ஆசுபத்திரி எண்டு சம்பளம் கூடின இடத்துக்குப் போட்டினம். ஊருக்கு ஒருத்தரும் மிஞ்சேல்லை. அதுக்குப் பிறகு, 1860களில, தமிழில படிச்சவன்தான் தமிழ்ச் சனத்துக்குள்ள இருப்பான் எண்டு முடிவெடுத்து முழுக்கத் தமிழுக்கு மாத்தினார். எல்லாமா அறுபதுக்கு மேல வைத்தியரை உருவாக்கினவர்.

புத்தகம் இல்லாமல் எப்பிடிப் படிப்பிக்கிறது? எழுதினார், மாணவரையும் வைச்சு மொழிபெயர்த்தார். அறுவைச் சிகிச்சைக்கு "இரண வைத்தியம்", 1867. வைத்தியத்துக்கு "வைத்தியாகரம்", 1872. கிறேயின்ர உடற்கூற்றுப் புத்தகம் லண்டனில 1858-இல வந்தது, பதினாலு வருசத்தில "மனுஷ அங்காதிபாதம்" எண்டு தமிழில நிக்குது. இண்டைக்கு ஒரு மருத்துவப் பாடநூல் தமிழில வர எத்தினை வருசம் எடுக்கும் சொல்லுங்கோ பாப்பம்.

கஞ்சித்தொட்டி:

அங்காதிபாதம்! தலையிலிருந்து கால்வரை தெய்வத்தைப் பாடும் கேசாதிபாதம் மாதிரியே இருக்கு. எலும்பையும் நரம்பையும் எண்ணுகிற புத்தகத்துக்குப் பிரபந்தப் பெயர். அந்தக் காலத்துப் பண்டிதர் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வைத்திருக்க வேண்டும்.

வேர்க்கொம்பு:

ஓம், சொல் விசயத்தில கிறீன் சரியான கவனம். தமிழில இருந்தா அதை எடுக்கிறது, இல்லாட்டி சமஸ்கிருதத்தில தேடுறது, அதிலயும் இல்லாட்டி இங்கிலீசைத் தமிழெழுத்தில எழுதுறது. உடற்கூற்றுக்கு அங்காதிபாதம், உடல் வேலை செய்யிற விதத்துக்குச் சுகரணவாதம், சுகாதாரத்துக்கு உற்பாலனம். இரசாயனத்துக்கு மட்டும் "கெமிஸ்தம்" எண்டு விட்டுட்டார். அந்தக் கெமிஸ்தம் 1875-இல அச்சானது எங்க தெரியுமோ? உங்கட நாகர்கோயிலில.

குமரிக்கடல்:

நில்லுங்க நில்லுங்க. நோட்டு அட்டையின் உள்பக்கம் "இரணவை. 2 பாகம் திருப்பிக் குடுத்தாச்சி" என்று ஒரு வரி இருக்கு. இதுவரை "இரணவை" என்றால் ஏதோ ரவை என்று நினைத்திருந்தேன்.

இரண வைத்தியம்!

வேர்க்கொம்பு:

ஐயோ அண்ணை, எனக்கு மயிர்க்கூச்செறியுது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கோ.

நைட்டூட்டி:

எனக்கும்தான். ஆனால் ஒரு வருத்தமான பின்குறிப்பு. இரண வைத்தியம் அச்சான அதே 1867-இல்தான் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் போட்டுப் புண்ணைக் காக்கும் முறையைப் பத்திரிகையில் எழுதினார். மூல நூல் அதற்கு முந்தியது, அதில் அந்த முறை இருக்க வழியில்லை. குளோரோபாரம் இருந்தது, கத்தி இருந்தது, கைகழுவும் பழக்கம் இல்லை. நோயாளி வலியில்லாமல் அறுவையைத் தாண்டுவார், நாலாம் நாள் சீழ் பிடித்துப் போவார். லண்டனிலும் அதே கதைதான்.

சித்தவைத்தியன்:

பாளையங்கோட்டையில் படித்தவன், 22 வருடமாகத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கேட்டவர் "இங்கிலீஷா, நாட்டு வைத்தியமா" என்று கேட்டிருக்கிறார். அந்த நூற்றாண்டில் இந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக இல்லை.

ஆ) குறிப்பையே பாருங்கள். அபின், பெருங்காயம், மிளகு மூன்றும் கடைச்சரக்கு. ஆனால் இந்தக் கலவை எந்தச் சித்தர் பாடலிலிருந்தும் வந்ததல்ல. "காலரா மாத்திரை" என்று அரசாங்கமே உருட்டிக் கொடுத்தது. அதே சமயம், திருவிதாங்கூர் அரண்மனை மருத்துவராக இருந்த வேரிங் என்ற ஆங்கிலேயர் பஜார் மருந்துகளைப் பற்றி 1860-இல் எழுதினார். சீமையிலிருந்து மருந்து வந்து சேர ஆறு மாதம் ஆகும், பக்கத்துக் கடையில் ஓமமும் கடுக்காயும் நிலாவரையும் இருக்க எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1868-இல் அரசு வெளியிட்ட இந்திய மருந்துத் தொகுப்பையும் அவரே தொகுத்தார். மறுவருடம் அதற்குத் துணைநூல் எழுதியவர் திருவல்லிக்கேணியில் மருத்துவம் பார்த்த முகைதீன் ஷெரீப். எந்தச் சரக்கு எந்த மொழியில் எந்தப் பெயரில் விற்கிறது, கடைக்காரர் எதை எதற்குப் பதில் தள்ளிவிடுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஆகவே மிஷன் டிரசர் இந்துப்பு இடித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வேரிங் சொன்னபடி இடித்தாரோ, அவர் அம்மா சொன்னபடி இடித்தாரோ, சூரணம் ஒன்றுதான். "வஸ்திரகாயம்" என்று எழுதியிருக்கிறார் பாருங்கள், துணியில் சலிப்பது. அது நம் சொல்.

அகத்தியர்தாசன்:

அப்படியென்றால் ஆங்கில மருந்து நம்முடையதைத் திருடியது என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

சித்தவைத்தியன்:

திருட்டு என்று நான் சொல்லவில்லை, ஐயா. ஓர் உதாரணம் சொல்கிறேன். நாம் "பூரம்" என்பது ஆங்கில வைத்தியரின் கேலோமல். இரண்டும் ஒரே பாதரச உப்பு. அந்த நூற்றாண்டின் முற்பாதியில் வெள்ளைக்கார மருத்துவர் காய்ச்சலுக்கும் கேலோமல், பேதிக்கும் கேலோமல், ஈரலுக்கும் கேலோமல் என்று கொடுத்தார். நோயாளிக்கு வாய் வெந்து எச்சில் ஒழுகினால்தான் மருந்து பிடித்தது என்று எழுதிவைத்தார். நம் நூல்களில் அதே வாய்வேக்காடு மருந்து முறிந்ததற்கு அடையாளம், உடனே மாற்று கொடுக்கச் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் நம்மவர் கை மேல்.

நைட்டூட்டி:

ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கும்போதே, 1863-இல், ராணுவத் தலைமை மருத்துவர் ஹாமண்ட் கேலோமலை மருந்துப் பட்டியலிலிருந்து தூக்கினார். மருத்துவர்கள் கொதித்துப் போனார்கள். ரத்தம் உறிஞ்சும் அட்டை விஷயமும் அதே ரகம். நம்ம ஊரில் கட்டிக்கும் வீக்கத்துக்கும் அட்டை விட்டால் காட்டுமிராண்டித்தனம், பாரிஸில் விட்டால் விஞ்ஞானம். 1833-இல் மட்டும் பிரான்ஸ் நாலு கோடிக்கும் மேல் அட்டை இறக்குமதி செய்தது.

ஆனால் பூரத்தைச் சுத்தி செய்துவிட்டால் பாதரசம் விஷம் இல்லாமல் போய்விடும் என்று மட்டும் இங்கே யாரும் எழுதிடாதீங்க. கிட்னி வார்டில் நான் பார்த்ததெல்லாம் வேற கதை.

சித்தவைத்தியன்:

கள்ள மருந்துக் கடைக்கு நான் பொறுப்பில்லை. அந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

கஞ்சித்தொட்டி:

வாந்திபேதி பத்தி யாராவது விரிவா எழுதுவீங்கன்னு பார்த்தேன், நானே எழுதறேன். என் பெயரே அதோட சம்பந்தப்பட்டதுதான். வடசென்னைக்காரங்க ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்னிக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுவாங்க. 1782 பஞ்சத்துல மணியக்காரர் சத்திரத்துல கஞ்சி ஊத்தினாங்க. கஞ்சிக்கு வந்தவங்கள்ல பாதிப்பேர் நோயாளிங்க. 1799-ல அண்டர்வுட்னு ஒரு டாக்டர் அங்கேயே நாட்டு மக்களுக்குன்னு ஒரு ஆஸ்பத்திரி வெச்சார். முதல்ல வந்தது கஞ்சி, டாக்டர் அப்புறம்தான்.

1817-ல வங்காளத்துல கிளம்பின காலரா அடுத்த வருஷமே மெட்ராஸ் பக்கம் வந்துடுச்சு. அதுக்கு வைத்தியம் என்ன? ரத்தம் எடுக்கறது, கேலோமல், அபின், பிராந்தி. தண்ணி வத்திச் சாகறவன் உடம்புல இருந்து ரத்தத்தையும் எடுக்கறாங்க! தாகம்னு கத்தினா தண்ணி குடுக்கக்கூடாதுன்னு சொன்னவங்களும் உண்டு. ஸ்காட்லாந்துல தாமஸ் லாட்டான்னு ஒருத்தர் 1832-லயே உப்புத்தண்ணிய நரம்புல ஏத்தி சில பேரைப் பிழைக்க வெச்சார். யாரும் கண்டுக்கல. அறுபது எழுபது வருஷம் வீணாப்போச்சு.

எங்க பாட்டி சொல்லுவாங்க, பேதி கண்டா வடிகஞ்சில உப்புப் போட்டு கரண்டி கரண்டியா ஊத்துன்னு. 1960கள்ல டாக்காவிலயும் கல்கத்தாவிலயும் கண்டுபிடிச்ச உப்புசர்க்கரைக் கரைசலுக்கு அது தூரத்து உறவு. ஆக யாரு பெரிய டாக்டர்?

நைட்டூட்டி:

உங்க பாட்டி பெரிய டாக்டர்தான். ஆனால் எல்லாப் பாட்டியும் அப்படி இல்லை. "பேதிக்குப் பட்டினியே மருந்து" என்று தண்ணீரைக்கூட நிறுத்திய பாட்டிகளும் இதே ஊரில் இருந்தார்கள். இன்றைக்கும் வார்டில் பார்க்கிறேன். பிழைத்த வீட்டுப் பாட்டி சொன்னதுதான் நம்ம காதுக்கு வந்து சேர்ந்திருக்கு.

என் கணக்கு இதுதான். அந்த நூற்றாண்டில் எனக்குக் காய்ச்சலோ பேதியோ வந்திருந்தால் டாக்டரிடமும் போகமாட்டேன், பரியாரியிடமும் போகமாட்டேன், கஞ்சித்தொட்டியின் பாட்டியிடம் போவேன். கால் உடைந்தாலோ, கண்ணில் புரை விழுந்தாலோ, கல்லடைத்தாலோ கிறீனிடம் போவேன். பெரியம்மைக்கு உங்க பூட்டனுக்கு அப்பாவிடம் கை நீட்டுவேன். குளிர்காய்ச்சல் (மலேரியா) மட்டும் விதிவிலக்கு, அதற்குக் கொயினா (குயினைன்) உண்மையாகவே கேட்டது. 1820-இல் பாரிஸில் பிரித்தெடுத்த மருந்து. 1860களில் கொயினா எடுக்கும் சிங்கோனா மரத்தை நீலகிரியில் நட்டார்கள், நடுவட்டத்தில் தொழிற்சாலையே வந்தது. நூற்றாண்டு முடியும்போது தபாலாபீஸில் பொட்டலமாகக் கிடைத்தது. கொசுதான் காரணம் என்று ராஸ் 1897-இல் சொல்வதற்கு முன்பே மருந்து கிடைத்துவிட்டது. காரணம் தெரியாமலே கேட்ட மருந்து.

பிள்ளைவளர்ப்பான்:

இவ்வளவு நேரம் ஆம்பிளைங்க மட்டுமே வைத்தியம் பார்த்துட்டு இருக்கீங்க. பெத்தது யாரு, பேறு பார்த்தது யாரு?

எங்க பக்கம் பேறு பார்த்தது மருத்துவச்சி, அவங்க வீட்டுக்காரர் முடி திருத்துறவர், அவரே கட்டி கீறுவார், எலும்பு கட்டுவார். அந்தச் சாதிக்கே மருத்துவர்னு பேர். ஊரோட உடம்பெல்லாம் அவங்க கையிலதான் இருந்துச்சு, ஆனா அவங்களை வாசலுக்கு வெளியதான் நிக்க வெச்சாங்க. இதை யாரும் இங்க பேசல.

டாக்டருங்க கிட்ட பொம்பளைங்க போகவே மாட்டாங்க, உயிர் போனாலும். அதைக் கண்ணால பார்த்துதான் மேரி ஷார்லீப்ங்கிற வக்கீல் பொண்டாட்டி 1875-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல போய்ச் சேர்ந்தாங்க. இங்கிலாந்துல பொம்பளைங்களுக்கு கதவு திறக்காத காலம், இங்க நாலு பேரைச் சேர்த்துக்கிட்டாங்க. அவங்க ஆரம்பிச்ச கோஷா (முகத்திரை போடற பொம்பளைங்களுக்கான) ஆஸ்பத்திரிதான் இப்ப திருவல்லிக்கேணி கஸ்தூர்பா.

கஞ்சித்தொட்டி:

உங்க பேர் வசம்புதானே? ராத்திரில பேர் சொல்லக்கூடாதுன்னு பிள்ளைவளர்ப்பான்னு சொல்லுவாங்க.

பிள்ளைவளர்ப்பான்:

அதேதான். எங்க அம்மா இன்னும் உரைமருந்துக் கல் வெச்சிருக்காங்க. வசம்பைச் சுட்டு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு எல்லாத்தையும் வேகவெச்சுக் காயப்போட்டு, குளிப்பாட்டின அன்னிக்கு ஒவ்வொண்ணையும் கல்லுல இத்தனை இழைப்புன்னு எண்ணி இழைப்பாங்க. சுக்குக்கு மூணு இழைப்பு, ஜாதிக்காய்க்கு ஒண்ணே ஒண்ணு. கூடிப்போனா பிள்ளை மயங்கித் தூங்கும்னு அவங்களுக்குத் தெரியும். அதே காலத்துல இங்கிலாந்துல ஆலைக்குப் போற தாய்மார் பிள்ளைக்கு அபின் கலந்த சர்பத்தை ஊத்தித் தூங்கவெச்சுட்டுப் போனாங்க, எத்தனையோ பிள்ளை எழுந்திருக்கவே இல்ல. இங்கயும் அபின் தடவின வீடு உண்டு, இல்லன்னு சொல்லல.

(புதுசா பெத்தவங்க இதைப் படிச்சா தயவுசெஞ்சு எதையும் இழைக்காதீங்க, குழந்தை டாக்டரைக் கேளுங்க.)

வேர்க்கொம்பு:

பரியாரி எண்டு நைட்டூட்டி எழுதினதால ஒரு கேள்வி. எங்கட ஊரில பரியாரியார் எண்டால் வைத்தியர், மரியாதையான சொல். நாகர்கோயில் பக்கம் முடி வெட்டுறவருக்கும் அதே பெயராமே?

குமரிக்கடல்:

ஆமா, எங்க ஊர்ல பரியாரி என்றால் முடி வெட்டுபவர்தான். பிள்ளைவளர்ப்பான் அக்கா சொன்னதை வாசித்த பிறகுதான் ஏன் என்று புரியுது.

வேர்க்கொம்பு:

கிறீனைப் பற்றி ஒண்டை மறைக்கக்கூடாது. அவர் வந்தது மதம் பரப்பத்தான். கல்லறையில தமிழருக்கு மருத்துவ ஊழியர் எண்டு தன்னைப் பற்றிப் பொறிக்கச் சொன்னவர், அது வூஸ்ரரில இண்டைக்கும் இருக்கு. ஆனா சேர்ட்டும் சப்பாத்தும் போட்டு வெள்ளைக்காரன் மாதிரி நடக்கிற மாணவரை அவருக்குப் பிடிக்காது. வேட்டியோட இரு, தமிழில எழுது எண்டவர். 1873-இல திரும்பிப் போனவர், அங்க இருந்தும் தமிழ்ப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டே இருந்தவர், 1884-இல செத்தார். பிறகு? கொழும்பில 1870-இலயே இங்கிலீசு மருத்துவப் பள்ளி துவங்கியாச்சு. சம்பளமும் பட்டமும் அங்க. தமிழில படிக்க ஆர் வருவான்? புத்தகம் எல்லாம் கறையானுக்குப் போச்சு.

எங்கட அப்பாச்சி பெரியாசுபத்திரியைத் தருமாசுபத்திரி எண்டுதான் கடைசி மட்டும் சொன்னவ. 1850-இல ஊர்ச் சனத்திட்டக் காசு தண்டி ஏழைகளுக்கெண்டு துவங்கினது. அந்த ஒரு சொல்லுத்தான் மிச்சம்.

அகத்தியர்தாசன்:

எல்லிஸ் விஷயத்தைத் தனியாகத் தேடிப் படித்தேன். பழையபேப்பர் சொன்னதை முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் சுவடியை இதுவரை யாரும் காட்டவில்லை என்பது உண்மைதான். என் முந்தைய பதிவில் "ஆதாரம் இருக்கு" என்பதை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

பழையபேப்பர்:

இந்தக் களத்தில் பத்து வருஷமா இருக்கேன், இப்படி ஒரு வரியை இப்பத்தான் பார்க்கிறேன். நன்றி சார்.

குமரிக்கடல்:

படங்கள் ஏற்றிவிட்டேன். இரணவை வரி மூன்றாவது படம். கூடவே கடைசிப் பக்கத்தையும் நேற்று ராத்திரி ஆச்சியை வீடியோ காலில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தோம். அதுதான் மனுஷன் கூலிக் கணக்கு. வீட்டுப் பெயர்களை மறைத்துவிட்டு அப்படியே தருகிறேன்:

"தேங்கா 6. சேவல் 1. நெல்லு 1 மரக்கால். கருப்பட்டி 4. சக்கரம் 4. பாக்கி. பாக்கி. தேங்கா 2, மீதி பாக்கி. அம்மை குத்து, ஒண்ணும் வாங்கல. நெத்திலி. பாக்கி."

மொத்தப் பக்கத்திலும் "ரூ" என்ற எழுத்து ஒரு இடத்தில்கூட இல்லை. நெத்திலி எவ்வளவு என்றும் எழுதவில்லை. "அளந்தா வாங்குவாவ" என்கிறாள் ஆச்சி.